பெங்களூருக்குக் குழாய்த் தண்ணீர் தந்த பாலக்காட்டுக்காரர்

திவான் சர் கே. சேஷாத்ரி ஐயரின் வாழ்க்கை

நீலசந்திராவில் குழாயில் தண்ணீர் வரும் நாள் என்றால் சந்துக்கே தூக்கம் கிடையாது. வேலைக்குப் போகிறவர் போவதற்குள் குடம் நிரம்ப வேண்டும். சம்ப்பு உள்ள வீடு சம்ப்பை நிரப்பும். இல்லாத வீடு டிரம்மை நிரப்பும். முதல் வீட்டுக்காரர் குழாயிலேயே மோட்டாரைப் போட்டு இழுத்துவிட்டால் கடைசி வீட்டுக்குச் சொட்டுகூட வராது. அதற்கு ஒரு சண்டை நடக்கும்.

2024-ம் ஆண்டுக் கோடையில் அந்தச் சண்டை ஊர் முழுவதும் வந்தது. மாநகரத்தின் பொறுப்பில் இருந்த சுமார் 14 ஆயிரம் போர்வெல்களில் ஏறத்தாழ பாதி வறண்டு போனதாக அதிகாரிகளே தெரிவித்தார்கள். டேங்கர் தண்ணீருக்கு அரசாங்கமே விலை நிர்ணயம் செய்ய வேண்டியதாயிற்று.

மேலே இருப்பவர் எவ்வளவு பிடிக்கலாம், கீழே இருப்பவருக்கு எவ்வளவு விட வேண்டும்? சந்தில் நடக்கும் இதே வழக்கு, நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் இரண்டு சர்க்கார்களுக்கு இடையே நடந்தது. அதில் மைசூர் கட்சியை நடத்தியவர் வீட்டில் தமிழ் பேசியவர். பெங்களூர்க்காரர்கள் குடத்தைக் குழாயடியில் வைக்கும் பழக்கமே அவர் காலத்தில் வந்ததுதான். அவர்தான் திவான் சர் கே. சேஷாத்ரி ஐயர்.

சேஷாத்ரிபுரம் வழியாகப் பஸ்ஸில் போகிறவர்கள் தினமும் அவர் பெயரைச் சொல்லித்தான் டிக்கெட் வாங்குகிறார்கள். அவர் யார் என்று தெரிந்தவர்கள் சிலரே.

குமாரபுரத்துப் பிள்ளை

சேஷாத்ரி ஐயர் 1845-ம் ஆண்டு ஜூன் மாதம் 1-ந் தேதி பிறந்தார். ஊர் பாலக்காட்டை அடுத்த குமாரபுரம். அப்போது பாலக்காடு மலபார் ஜில்லாவில் இருந்தது. மலபார் ஜில்லா மதராஸ் ராஜதானியைச் சேர்ந்தது. தந்தை அனந்தநாராயண ஐயர் கோழிக்கோட்டில் வக்கீல். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், பள்ளியில் இங்கிலீஷ் என்று பையன் வளர்ந்தான்.

படிப்பில் கெட்டி. சென்னை பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்து பி.ஏ. தேறினார். அந்தக் காலத்தில் பி.ஏ. தேறியவர்களை விரல்விட்டு எண்ணலாம். ஆனாலும் எடுத்த எடுப்பில் பெரிய உத்தியோகம் கிடைத்துவிடவில்லை. கோழிக்கோடு கலெக்டர் ஆபீசில் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்தார். மனுக்களையும் தஸ்தாவேஜுகளையும் ஒரு பாஷையிலிருந்து இன்னொரு பாஷைக்கு மாற்றி எழுதும் வேலை. ஆபீஸ் குமாஸ்தாக்களுக்குப் பழக்கமான வாழ்க்கைதான்.

அங்கிருந்து அவரை மேலே தூக்கிவிட்டவர் சி. ரங்காசார்லு. இவர் செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர். மைசூர் அரண்மனை நிர்வாகத்தில் பெரிய பொறுப்பில் இருந்தவர். ஆள் தேவைப்பட்டபோது சேஷாத்ரி ஐயரைக் கூப்பிட்டார். 1868-ல், 23 வயதில், பெட்டியைக் கட்டிக்கொண்டு மைசூர் சீமைக்கு வந்தார் சேஷாத்ரி ஐயர். அஷ்டகிராம் டிவிஷனில் ஜுடிஷியல் சிரஸ்ததார் வேலை.

பிழைக்க வந்தவர்தான். ஆனால் வந்த இடத்தில் படிப்பை விடவில்லை. உத்தியோகம் பார்த்துக்கொண்டே சட்டம் படித்து 1874-ல் பி.எல். பட்டமும் வாங்கினார்.

பத்து லட்சம் பேரைத் தின்ற பஞ்சம்

அவர் மைசூருக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆனபோது வந்தது தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியா முழுவதையும் வாட்டிய பஞ்சம் அது. மழை பொய்த்தது. ஏரிகள் வறண்டன. ஆடு மாடுகள் விழுந்தன. பிறகு மனிதர்கள் விழுந்தார்கள்.

1871-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில் மைசூர் ராஜ்யத்தில் 50 லட்சத்துக்கு மேல் ஜனங்கள் இருந்தார்கள். பத்து ஆண்டு கழித்து 1881-ல் எண்ணியபோது 42 லட்சம்கூட இல்லை. பத்து ஆண்டில் பெருக வேண்டிய ஜனத்தொகை எட்டு லட்சத்துக்கு மேல் குறைந்துபோனது. பஞ்சத்தில் மாண்டவர்கள் பத்து லட்சம் என்று கணக்கிட்டார்கள். ஐந்து பேரில் ஒருவர் போய்விட்டார்.

மைசூர் அந்தச் சமயம் வெள்ளைக்காரக் கமிஷனர்கள் ஆட்சியில் இருந்தது. 1881 மார்ச் 25-ந் தேதிதான் பிரிட்டிஷார் ராஜ்யத்தைப் பத்தாவது சாமராஜேந்திர உடையாரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். கூடவே பஞ்சத்துக்காக வாங்கிய 80 லட்சம் ரூபாய் கடனையும் அவர் தலையில் வைத்தார்கள்.

ரங்காசார்லு முதல் திவான் ஆனார். தசரா சமயத்தில் ஊர்ப் பெரிய மனிதர்களைக் கூட்டிச் சர்க்கார் கணக்கைச் சொல்லும் பிரஜா பிரதிநிதி சபையை அமைத்தவர் அவரே. ஆனால் இரண்டே ஆண்டில், 1883 ஜனவரி 20-ந் தேதி, அவர் காலமாகிவிட்டார்.

சேஷாத்ரி ஐயர் அதற்குள் டெபுடி கமிஷனர் வரை உயர்ந்திருந்தார். தும்கூர் போன்ற வறண்ட ஜில்லாவை நேரில் பார்த்தவர். 1883 பிப்ரவரி 12-ந் தேதி அவர் திவான் ஆனார். வயது 37. அந்த நாற்காலியில் அவர் 18 ஆண்டுகள் இருந்தார். 1881-க்குப் பிறகு வந்த திவான்களில் இத்தனை காலம் இருந்தவர் வேறு யாரும் இல்லை.

ஏரியும் ரயிலும்

புதிய திவானுக்கு ஒரு விஷயம் தெளிவாக இருந்தது. மழையை யாரும் வரவழைக்க முடியாது. பெய்த மழையைப் பிடித்து வைக்கலாம். மழை இல்லாத ஊருக்குத் தானியத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். முதல் காரியத்துக்கு ஏரி வேண்டும். இரண்டாவது காரியத்துக்கு ரயில் வேண்டும்.

பஞ்ச காலத்தில் தானியம் சென்னைத் துறைமுகத்திலிருந்து பெங்களூர் வரை வந்துவிட்டது. அங்கிருந்து உள்ளூர்களுக்குப் போக வழி இல்லை. இழுக்க வேண்டிய மாடுகளே செத்துப் போயிருந்தன. ஆகவே ரயில் பாதை வளர்ந்தது. தும்கூர் வழியாகச் சென்ற பாதை 1889-ல் ஹரிஹர் வரை போயிற்று. மைசூரிலிருந்து நஞ்சன்கூடுக்கு 1891-ல் ரயில் ஓடியது. தங்கம் எடுக்கும் கோலார் சுரங்கங்களுக்கு பௌரிங்பேட்டையிலிருந்து கிளைப்பாதை 1894-ல் வந்தது. வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்குப் போன எத்தனையோ குடும்பங்கள் ஏறி இறங்கிய பாதை அது.

ஏரிகள் விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. மைசூர் ராஜ்யத்தில் ஏறத்தாழ 38 ஆயிரம் ஏரிகள் இருந்தன. ஓர் ஏரி நிரம்பி வழிந்தால் அடுத்த ஏரி, அது வழிந்தால் அதற்கு அடுத்தது என்று சங்கிலி போலக் கோத்திருந்தார்கள் முன்னோர். பல ஏரிகள் தூர்ந்து கிடந்தன. மதகுகள் உடைந்திருந்தன. திவான் பழுதுபார்க்கும் வேலையைத் தொடங்கினார். புதிய அணைகளுக்கும் திட்டம் போட்டார்.

அங்கேதான் வழக்கு வந்தது.

மதராஸ் சர்க்கார் மறித்தது

காவேரி, பாலாறு, தென்பெண்ணை, துங்கபத்திரை. இந்த ஆறுகள் மைசூர் சீமையில் பிறந்தோ, அதன் வழியாகப் புகுந்தோ மதராஸ் ராஜதானிக்குள் போகின்றன. தஞ்சாவூர் மிராசுதாரரும் ஆம்பூர், வாணியம்பாடி விவசாயியும் அந்தத் தண்ணீரை நம்பிப் பல தலைமுறையாகப் பயிர் செய்கிறவர்கள். மேலே மைசூர் ஏரி ஏரியாகக் கட்டிப் பிடித்துக்கொண்டால் கீழே என்ன வரும்? மதராஸ் சர்க்கார் இந்தக் கேள்வியை எழுப்பியது.

மைசூர் சொன்னதும் நியாயமாகவே இருந்தது. பஞ்சத்தில் ஐந்தில் ஒருவரைப் பறிகொடுத்த நாடு. தன் எல்லைக்குள் பெய்யும் மழையைத் தேக்கி வைக்க அடுத்தவரிடம் உத்தரவு கேட்க வேண்டுமா? பழைய ஏரியைச் செப்பனிடுவதற்குக்கூடத் தடையா?

1890-ல் உதகமண்டலத்தில் பேச்சுவார்த்தை நடந்தது. மைசூர் பக்கம் பேசியவர் சேஷாத்ரி ஐயர். அவர் மதராஸ் ராஜதானியில் பிறந்தவர். மதராசில் படித்தவர். மதராஸ் சர்க்காரின் ஆபீசில் முதல் சம்பளம் வாங்கியவர். ஆனால் உப்பிட்டது மைசூர். அந்த மேஜையில் அவர் மைசூர்க்காரராகவே உட்கார்ந்தார்.

1892 பிப்ரவரி 18-ந் தேதி ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன் சாரம் இதுதான். பட்டியலில் குறித்த ஆறுகளின் குறுக்கே மைசூர் புதிய நீர்த்தேக்கம் கட்டுவதானால் முன்கூட்டியே முழு விவரத்தையும் மதராஸ் சர்க்காருக்குத் தெரிவித்துச் சம்மதம் பெற வேண்டும். மதராசும் இஷ்டத்துக்கு மறுக்க முடியாது. ஏற்கெனவே அனுபவித்து வரும் பாத்தியதைக்குக் கெடுதல் வருமானால் மட்டும் மறுக்கலாம். அது பற்றித் தகராறு வந்தால் மத்தியஸ்தம் வைக்கலாம். பட்டியலில் காவேரி மட்டும் அல்ல, பாலாறும் பெண்ணையும் இருந்தன.

சந்துக் குழாயோடு ஒப்பிட்டுப் பார்த்தால் சுலபமாக விளங்கும். முதல் வீட்டுக்காரர் மோட்டார் போடுவதற்கு முன் கடைசி வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். கடைசி வீட்டுக்காரரும் பொறாமையினால் மறுக்கக் கூடாது. தன் குடம் காலியாகும் என்றால்தான் மறுக்கலாம்.

ஒப்பந்தம் இரண்டு பக்கமும் முழுத் திருப்தி தரவில்லை. மைசூர் மக்களில் பலர், வெள்ளைக்காரர் ஆட்சியின் பலம் மதராஸ் பக்கம் இருந்ததால் தங்கள் கையைக் கட்டிவிட்டார்கள் என்று பின்னாளில் குறைப்பட்டார்கள். அது முழுக்கப் பொய்யல்ல. மதராஸ் நேராகப் பிரிட்டிஷ் ஆட்சி. மைசூர் பிரிட்டிஷாருக்குக் கட்டுப்பட்ட சமஸ்தானம். சமமான இருவர் போட்ட கையெழுத்து என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் பழைய ஏரிகளைச் செப்பனிடும் உரிமை காப்பாற்றப்பட்டது. மறுப்பதற்கு ஒரு வரம்பும் கட்டப்பட்டது. பலம் குறைந்த கட்சிக்கு அதற்கு மேல் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

ஊருக்குள் குழாய் வந்தது

பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் 3 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. ஊருக்குள் பெரிய ஆறு கிடையாது. பேட்டை ஜனங்கள் தர்மாம்புதி ஏரி, சம்பங்கி ஏரி, கிணறுகள் ஆகியவற்றை நம்பியிருந்தார்கள். தண்டுப் பகுதிக்கு அல்சூர் ஏரி. அது போதாமல் 1882-ல் சாங்கி ஏரி கட்டினார்கள். தண்டு வெள்ளைக்காரர் நிர்வாகத்தில் இருந்தது. பேட்டை மகாராஜா சர்க்காரில் இருந்தது. ஒரே ஊருக்கு இரண்டு எஜமானர்கள். தண்டில் பட்டாளத்தோடு வந்து குடியேறிய தமிழர்கள் நிறைய.

1891-ம் ஆண்டுக் கணக்கில் பேட்டையும் தண்டும் சேர்ந்து 1 லட்சத்து 80 ஆயிரம் ஜனங்கள். ஏரித் தண்ணீரில்தான் துவைப்பதும் குளிப்பதும் மாடு கழுவுவதும். அதையே குடிப்பதும். காலரா வருவதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

திவான் ஊருக்கு வெளியே பார்த்தார். வடமேற்கில் சுமார் 18 கிலோ மீட்டர் தூரத்தில் ஹெசரகட்டா. அங்கே அர்க்காவதி ஆறு ஓடுகிறது. நந்தி மலைப் பக்கம் பிறந்து, கனகபுரத்துக்கு அப்பால் காவேரியில் கலக்கும் ஆறு. அதைத் தேக்கிப் பெரிய ஏரி அமைத்தார்கள். 1894-ல் திட்டம் உருவாயிற்று. மகாராஜா பெயரால் சாமராஜேந்திர நீர்நிலையம் என்று பெயர். செங்கல் கால்வாய் வழியாகத் தண்ணீர் தானாகவே சோளதேவனஹள்ளிக்கு வந்தது. அங்கே நீராவி யந்திரம் அதை மேலே ஏற்றியது. இரும்புக் குழாய்கள் ஊருக்குக் கொண்டுவந்தன. 1896-ல் பெங்களூரில் குழாய்த் தண்ணீர் வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பேட்டைக்கு மட்டும் அல்ல, தண்டுக்கும் அந்தத் தண்ணீர் போயிற்று. நிர்வாகம் வேறு, கொடி வேறு. ஆனால் தாகம் ஒன்றே என்ற கணக்கு அது.

இன்று பேசுகிறவர்கள் காவேரித் தண்ணீர் பெங்களூருக்கு 1974-ல் வந்தது என்பார்கள். முதல் காவேரித் திட்டம் அந்த ஆண்டுதான். ஆனால் அர்க்காவதி காவேரியின் கிளை நதி. அப்படிப் பார்த்தால் ஊரின் முதல் குழாயிலேயே காவேரிக் குடும்பத்துத் தண்ணீர்தான் வந்திருக்கிறது.

குழாய் வந்ததும் ஏரிகளை ஜனங்கள் மறந்தார்கள். தர்மாம்புதி இருந்த இடத்தில் பின்னாளில் மெஜஸ்டிக் பஸ் நிலையம் வந்தது. சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டு அரங்கம் ஆயிற்று. இதற்குத் திவானைக் குறை சொல்வது நியாயம் அல்ல. அவர் தூர்ந்த ஏரியைத் தோண்டியவர். ஆனால் தூரத்திலிருந்து தண்ணீர் வரும் என்று ஆனபின் பக்கத்தில் இருக்கும் குளத்துக்கு மரியாதை போய்விடுகிறது. அந்தப் பாடத்தை 2024 கோடை மறுபடியும் சொல்லிக் கொடுத்தது.

வெளியூர்க்காரர் என்ற பேச்சு

குழாய் திறப்பதற்கு முன்பே ஒரு துக்கம் வந்தது. 1894 டிசம்பரில் மகாராஜா சாமராஜேந்திர உடையார் கல்கத்தாவில் தொண்டை அடைப்பான் நோயில் காலமானார். பட்டத்துப் பிள்ளை சிறுவன். மகாராணி வாணி விலாச சன்னிதானம் பிரதிநிதியாக இருந்து ஆண்டார். பொறுப்பு முழுவதும் திவான் தோளில் விழுந்தது.

அதிகாரம் கூடியபோது எதிர்ப்பும் கூடியது. திவான் தன்னிச்சையாகச் செயல்படுகிறார் என்று பிரதிநிதி சபையிலும் பத்திரிகைகளிலும் பேச்சு எழுந்தது. அதைவிடக் கடுமையானது இன்னொன்று. மைசூர் உத்தியோகங்களில் மதராஸ்காரர்களைக் கொண்டுவந்து நிரப்புகிறார் என்ற புகார். ரங்காசார்லு மதராஸ்காரர். சேஷாத்ரி ஐயர் மதராஸ்காரர். அவர் கீழ் மேலும் மேலும் மதராஸ்காரர்கள். அப்படியானால் மைசூர்ப் பிள்ளைகள் படித்துவிட்டு எங்கே போவது?

இந்தப் புகாரை ஒதுக்கிவிட முடியாது. அதில் உண்மை இருந்தது. திவான் தமக்குத் தெரிந்த கெட்டிக்காரர்களைத் தேர்ந்தெடுத்தார். அவருக்குத் தெரிந்தவர்கள் மதராஸ் கல்லூரிகளில் படித்தவர்கள். மண்ணின் பிள்ளைகளுக்கு அது வலித்தது. அந்த வலி அவருக்குப் பிறகும் பல ஆண்டுகள் மைசூர் அரசியலில் இருந்தது. இன்று பெங்களூரில் வேலை செய்யும் தமிழர்கள் இந்தக் கதையை இரண்டு பக்கமும் இருந்து படித்துக்கொள்வது நல்லது.

ஆனால் ஒன்று மட்டும் யாரும் சொல்லவில்லை. திவான் மதராஸ் லாபத்துக்காக மைசூர் தண்ணீரை விட்டுக்கொடுத்தார் என்று அவர் காலத்தில் வந்த பகைவரும் நிரூபிக்க முடியவில்லை.

1898-ல் ஹூப்ளியிலிருந்து ரயில் வழியே பெங்களூருக்குப் பிளேக் வந்தது. நெருக்கமான பேட்டைச் சந்துகளில் ஜனங்கள் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். ஊரைவிட்டு ஓடியவர்கள் ஏராளம். 1901 கணக்கில் ஊரின் ஜனத்தொகை 1 லட்சத்து 59 ஆயிரமாகக் குறைந்திருந்தது. காற்றும் வெளிச்சமும் உள்ள புதிய பேட்டைகளாகப் பசவனகுடியும் மல்லேசுவரமும் வளர்ந்தன. விக்டோரியா ஆஸ்பத்திரி 1900-ல் திறக்கப்பட்டது. இவை எல்லாம் அவர் திவானாக இருந்த காலத்தில்தான்.

தண்ணீரிலிருந்து வெளிச்சம்

சேஷாத்ரி ஐயர் தொடங்கிய வேலைகளில் மிகவும் துணிச்சலானது சிவனசமுத்திரம்.

காவேரி அங்கே இரண்டாகப் பிரிந்து நீர்வீழ்ச்சியாக விழுகிறது. ஒரு கரை மைசூர். மறுகரை கொள்ளேகால் தாலுகா. அது அப்போது மதராஸ் ராஜதானியின் கோயம்புத்தூர் ஜில்லா. அமெரிக்காவில் நயாகரா நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கத் தொடங்கியது 1895-ல்தான். அதற்குள் மைசூரில் ஒரு திவான் அதே காரியத்துக்குத் திட்டம் போட்டார்.

கனடாவில் பிறந்த ராணுவ எஞ்சினியர் காப்டன் டி லாட்பினியர் இந்த வேலைக்குப் பொறுப்பேற்றார். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்ப் பார்த்து வந்தார். அமெரிக்காவிலிருந்தும் ஸ்விட்சர்லாந்திலிருந்தும் யந்திரங்கள் வந்தன. மின்சாரத்தை வாங்குவதற்குக் கோலார் தங்கச் சுரங்கக் கம்பெனிகள் தயாராக இருந்தன. சுரங்கத்தில் நீராவி யந்திரத்துக்கு விறகும் நிலக்கரியும் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. சிவனசமுத்திரத்திலிருந்து கோலார் சுரங்கம் 92 மைல். அவ்வளவு தூரம் மின்சாரத்தைக் கம்பியில் அனுப்புவது அந்நாளில் உலகமே வியந்த காரியம்.

தண்ணீர் வழக்கிலும் இதற்கு ஒரு வசதி இருந்தது. யந்திரத்தைச் சுற்றிய தண்ணீர் திரும்ப ஆற்றுக்கே போய்விடுகிறது. தஞ்சாவூருக்கு ஒரு சொட்டும் குறையாது.

இதே சமயத்தில் சித்திரதுர்க்கா ஜில்லாவில் மாரிகணவே என்ற இடத்தில் வேதாவதி ஆற்றின் குறுக்கே பெரிய அணை வேலை 1898-ல் தொடங்கியது. இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு சுவர். 30 டி.எம்.சி. தண்ணீர் பிடிக்கும் நீர்த்தேக்கம். பிறகு மகாராணி பெயரால் வாணி விலாச சாகரம் என்று பெயர் வைத்தார்கள். வறண்ட ஜில்லாவில் இவ்வளவு பெரிய அணை எங்கே நிரம்பப் போகிறது என்று கேட்டவர்கள் உண்டு. அவர்கள் கேட்டதிலும் அர்த்தம் இருந்தது. 1933-ல் நிரம்பி வழிந்த அந்த அணை மறுபடியும் வழிந்தது 2022-ல்தான். ஆனால் வழியாத ஆண்டுகளிலும் இருக்கிற தண்ணீரைக் கொடுத்து அந்தப் பக்கத்து வயல்களைக் காப்பாற்றி வந்திருக்கிறது.

பார்க்காமல் போனார்

உழைப்பு உடம்பைத் தின்றது. 1901 மார்ச்சில் சேஷாத்ரி ஐயர் பதவியை விட்டார். அரசாங்கம் அவருக்கு 1893-ல் சர் பட்டம் கொடுத்திருந்தது. ஓய்வை அனுபவிக்கக் காலம் இடம் கொடுக்கவில்லை. 1901 செப்டம்பர் 13-ந் தேதி, 56 வயதில், காலமானார்.

அடுத்த ஆண்டு 1902 ஜூன் 30-ந் தேதி சிவனசமுத்திரத்து மின்சாரம் கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது. திட்டம் போட்டவர் மறைந்து ஒன்பது மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. 1905 ஆகஸ்டில் பெங்களூர்த் தெருவில் மின்சார விளக்கு எரிந்தது. மாரிகணவே அணை 1907-ல் முடிந்தது. அவர் கண்ணால் பார்த்தது ஹெசரகட்டாக் குழாய் ஒன்றைத்தான்.

கப்பன் பூங்காவில் அவருக்குச் சிலை வைத்தார்கள். 1913-ல் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் பிரபு அதைத் திறந்து வைத்தார். சிலைக்குப் பின்னால் உள்ள சிவப்புக் கட்டடம் சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபம். அங்கே நூல்நிலையம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போகிற நம்மவர்கள், தலைப்பாகையோடு நிற்கும் அந்தப் பெரியவர் யார் என்று குழந்தைகளுக்குச் சொல்லலாம்.

அவர் விட்டுப் போன வழக்கு

சேஷாத்ரி ஐயர் போட்ட மின்சாரத் திட்டமே இன்னொரு தண்ணீர் வழக்குக்கு விதையாயிற்று. கோடையில் ஆற்றில் தண்ணீர் குறைந்தால் மின்சாரமும் குறைந்தது. ஆண்டு முழுவதும் தண்ணீர் வர வேண்டுமானால் மேலே அணை கட்டித் தேக்க வேண்டும். இதற்காகவும் பாசனத்துக்காகவும் 1911-ல் கண்ணம்பாடி அணை வேலை தொடங்கியது. 1892 ஒப்பந்தப்படி மதராஸ் சம்மதம் வேண்டும். மறுபடியும் வழக்கு, மத்தியஸ்தம், அப்பீல். கடைசியில் 1924-ல் புதிய ஒப்பந்தம். மைசூருக்குக் கண்ணம்பாடி, மதராசுக்கு மேட்டூர்.

1924 ஒப்பந்தத்தில் 50 ஆண்டு கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. 1974 வந்தது. திரும்பப் பார்ப்பதில் உடன்பாடு ஏற்படவில்லை. 1990-ல் நடுவர் மன்றம் அமைந்தது. 1991 டிசம்பரில் அதன் இடைக்காலத் தீர்ப்பை ஒட்டிப் பெங்களூரில் நடந்த கலவரத்தை அந்த நாளில் ஊரில் இருந்த தமிழர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். 2016 செப்டம்பரிலும் பஸ்கள் எரிந்தன. 2018 பிப்ரவரி 16-ந் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாட்டுக்குக் கர்நாடகம் ஆண்டுதோறும் விட வேண்டியது 177.25 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்கென்று கூடுதலாக 4.75 டி.எம்.சி. கர்நாடகத்துக்குச் சேர்க்கப்பட்டது. 1892, 1924 ஒப்பந்தங்கள் பலவந்தத்தால் எழுதியவை என்று தள்ளிவிட முடியாது என்பதையும் அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

குடிநீர்ப் பங்கு சேர்ந்ததே, அதைக் குடிப்பவர் யார்? பெங்களூரில் இருக்கும் எல்லோரும்தான். கன்னடக்காரரும் குடிக்கிறார், தமிழரும் குடிக்கிறார். ஊரில் தாயார் மேட்டூர்த் தண்ணீருக்குக் காத்திருப்பார். மகன் நீலசந்திராவில் காவேரிக் குழாய்க்குக் காத்திருப்பான். ஒரே ஆற்றின் இரண்டு மதகுகளில் ஒரே குடும்பம் நிற்கிறது. மற்றவர்கள் கட்சி கட்டிப் பேசலாம். இந்தக் குடும்பத்துக்குக் கட்சி கட்ட முடியாது.

2024 அக்டோபரில் காவேரி ஐந்தாவது கட்டத் திட்டம் தொடங்கியது. நாள் ஒன்றுக்கு 77 கோடியே 50 லட்சம் லிட்டர் கூடுதல் தண்ணீர். அது சுமார் 100 கிலோ மீட்டர் தூரத்திலிருந்து பம்ப் மூலம் மேடேறி வருகிறது. தண்ணீர் எடுக்கும் இடம் சிவனசமுத்திரம் பக்கத்தில்தான். அன்று சேஷாத்ரி ஐயர் மின்சாரம் எடுக்கக் குறித்த அதே பகுதியிலிருந்து இன்று குடிதண்ணீர் வருகிறது. அதை மேலே ஏற்றுவதும் மின்சாரமே.

பாலக்காட்டிலிருந்து பிழைக்க வந்த ஒருவர், வந்த நாட்டுக்காகத் தாம் பிறந்த ராஜதானியோடு வாதாடினார். வாதாடியபோதும் கீழே இருப்பவரின் பாத்தியதை என்ற சொல்லை ஒப்பந்தத்தில் ஏற்றுக் கையெழுத்திட்டார். அவரை மைசூரில் சிலர் வெளியூர்க்காரர் என்றார்கள். மதராசில் சிலர் எதிர்க்கட்சிக்காரர் என்று நினைத்திருப்பார்கள். அவர் தொடங்கி வைத்த குழாய் இரண்டு பேரையும் கேட்காமல் ஓடியது.

நாளைக் காலையில் சந்தில் தண்ணீர் வரும். முதல் வீட்டில் மோட்டார் ஓடுவதற்கு முன் கடைசி வீட்டுக் குடத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டால், அந்தப் பெரியவருக்குச் செய்யும் மரியாதை அதுவே.